'கொஞ்சம்' என்றால் எவ்வளவு? தொண்டையில் தங்கும் மிச்சத்தை அளந்த கதை

இன்றைக்கு ஒரே ஒரு சொல்லின் வரலாறு. அந்தச் சொல், 'கொஞ்சம்'.

"விழுங்கிய பிறகு தொண்டையில் கொஞ்சம் மிச்சம் தங்குகிறது." ஆஸ்பத்திரி அறிக்கையில் இப்படி ஒரு வரி இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தக் கொஞ்சம் எவ்வளவு? சுவரில் ஒட்டிய ஒரு பூச்சா? கால் ஸ்பூனா? பள்ளம் பாதி நிறைந்திருக்கிறதா? எண்டோஸ்கோப்பை மூக்கு வழியாக விட்டு, விழுங்குவதை நேரில் பார்க்கும் முறை 1988இல் வந்தது. எல்லோரும் ஒத்துக்கொள்ளும்படி 'கொஞ்சம்' என்பதற்கு ஒரு அளவு சொல்ல அதற்குப் பிறகு 27 வருஷம் ஆனது. அந்த அளவும் சரிதானா என்ற சண்டை இன்னும் முடியவில்லை.

நான் பேச்சு மொழி சிகிச்சையாளராக வேலை செய்கிறேன். ஸ்பீச் தெரபிஸ்ட் என்றால் திக்குவாய், பேச்சு வராத குழந்தைகள், அவ்வளவுதான் என்று பலரும் நினைக்கிறார்கள். பெரிய ஆஸ்பத்திரியில் எங்கள் நாளில் பெரும்பகுதி விழுங்குவதைப் பார்ப்பதிலேயே போய்விடும். பக்கவாதம் வந்தவர்கள், பார்க்கின்சன் நோயாளிகள், தொண்டைப் புற்றுநோய்க்குக் கதிரியக்கம் வாங்கியவர்கள், வெண்டிலேட்டரிலிருந்து இறங்கியவர்கள். இவர்களுக்கெல்லாம் கேள்வி ஒன்றுதான்: வாய் வழியாகச் சாப்பிடலாமா, மூக்குக் குழாய் இருக்கட்டுமா?

முதலில் இடத்தைப் பார்த்துவிடுவோம். நம் தொண்டை ஒரு நாற்சந்தி மாதிரி. காற்றும் உணவும் அதே வழியில் வந்து, கீழே பிரிகின்றன. முன்பக்கம் மூச்சுக்குழாய், பின்பக்கம் உணவுக்குழாய். விழுங்கும் அந்த ஒரு நொடிக்குள் குரல்வளை மேலே எழும்பி, குரல்வளை மூடி சாய்ந்து, மூச்சு நின்று, உணவு பின்னால் இறங்கவேண்டும். கொஞ்சம் பிசகினால் புரையேறும். நமக்குப் புரையேறினால் "யாரோ நினைக்கிறாங்க" என்று தலையில் தட்டுவார்கள். பக்கவாதம் வந்த சிலருக்கு உணவு மூச்சுக்குழாய்க்குள் போனாலும் இருமலே வராது. சத்தமில்லாத புரையேற்றம். நுரையீரலில் நிமோனியா வந்த பிறகுதான் வீட்டாருக்குத் தெரியும்.

இந்த நாற்சந்தியில் இரண்டு வகைப் பள்ளங்கள் உண்டு. நாக்கின் அடிப்பகுதிக்கும் குரல்வளை மூடிக்கும் நடுவில் இருப்பது வல்லெக்குலா. லத்தீனில் 'சின்னப் பள்ளத்தாக்கு' என்று பொருள். குரல்வளைக்கு இரண்டு பக்கமும், கொஞ்சம் கீழே இருப்பவை பைரிஃபார்ம் பள்ளங்கள். பேரிக்காய் வடிவம் என்பதால் அந்தப் பெயர். விழுங்கும் தசை பலவீனமானால் உணவு இந்தப் பள்ளங்களில் தேங்கிவிடும். தேங்கியது அங்கேயே இருந்தால் பரவாயில்லை. அடுத்த மூச்சிலோ, படுக்கும்போதோ வழிந்து குரல்வளைக்குள் இறங்கும் என்பதுதான் பயம். அதனால்தான் எவ்வளவு தேங்கியிருக்கிறது என்ற கேள்விக்கு இவ்வளவு முக்கியத்துவம்.

சரி, கதைக்கு வருவோம்.

தொண்டைக்குள் எட்டிப் பார்த்தவர்களில் பேர் வாங்கியவர் ஒரு டாக்டர் இல்லை, பாட்டு வாத்தியார். மானுவேல் கார்சியா. 1854இல் பல் வைத்தியர்கள் பயன்படுத்தும் சின்னக் கண்ணாடியைத் தொண்டைக்குள் வைத்து, கையில் இன்னொரு கண்ணாடியைப் பிடித்து, சூரிய வெளிச்சத்தைத் திருப்பி, தன்னுடைய குரல்வளை அசைவதைத் தானே பார்த்தார். அடுத்த வருஷம் லண்டன் ராயல் சொசைட்டியில் அதைக் கட்டுரையாகக் கொடுத்தார். மனுஷன் நூறு வயதைத் தாண்டி வாழ்ந்து 1906இல்தான் இறந்தார். ஆனால் அந்தக் கண்ணாடியை வாயில் வைத்துக்கொண்டு யாராலும் விழுங்க முடியாது. பாடலாம், "ஆ" சொல்லலாம். சாப்பிடுவதைப் பார்க்கவேண்டுமென்றால் வளைகிற கண்ணாடி வேண்டும்.

அந்த வளைகிற கண்ணாடியில் நம்ம ஊர்க்காரர் ஒருவருக்குப் பங்கு உண்டு. பஞ்சாப் மோகாவில் பிறந்த நரிந்தர் சிங் கபானி. லண்டன் இம்பீரியல் கல்லூரியில் ஹெரால்ட் ஹாப்கின்ஸோடு சேர்ந்து, மெல்லிய கண்ணாடி இழைகளைக் கட்டாகக் கட்டி அதன் வழியாகப் படத்தைக் கடத்தலாம் என்று 1954இல் 'நேச்சர்' இதழில் எழுதினார். அதைப் படித்த பேசில் ஹிர்ஷோவிட்ஸ் என்ற வயிற்று மருத்துவர் லண்டன் போய்ப் பார்த்துவிட்டு, அமெரிக்காவில் மிச்சிகன் மாநிலத்தின் ஆன் ஆர்பர் நகரத்தில் வேலையைத் தொடங்கினார். இழைக்கு இழை வெளிச்சம் கசிந்துகொண்டிருந்தது. லாரன்ஸ் கர்டிஸ் என்ற இளநிலை மாணவர் ஒரு கண்ணாடி இழைக்கு மேல் வேறு கண்ணாடியால் உறை போட்டுக் கசிவை நிறுத்தினார். 1957இல் ஹிர்ஷோவிட்ஸ் அந்தக் கருவியை முதலில் விழுங்கியது தானேதான். அதன் பிறகுதான் நோயாளிக்கு. 1968இல் ஜப்பானில் சவாஷிமாவும் ஹிரோஸேவும் இதே தொழில்நுட்பத்தை மூக்கு வழியாகக் குரல்வளைக்குக் கொண்டுவந்தார்கள். அவர்களுக்கு வேண்டியது பேச்சு. பேசும்போது குரல்வளை என்ன செய்கிறது என்று பார்த்தார்கள்.

சாப்பாட்டை அதற்குள் கொண்டுவந்தது 1988இல். ஆச்சரியமா, அதே ஆன் ஆர்பர் ஊர்தான். அங்கே முன்னாள் ராணுவத்தினர் மருத்துவமனையில் சூசன் லாங்மோர் என்ற பேச்சு மொழி சிகிச்சையாளரும், ஷாட்ஸ், ஓல்சன் என்ற இரண்டு சக ஊழியர்களும் 'டிஸ்ஃபேஜியா' இதழில் நான்கே பக்கக் கட்டுரை எழுதினார்கள். மூக்கு வழியாக எண்டோஸ்கோப்பை இறக்கி, சாயம் கலந்த உணவைக் கொடுத்து, என்ன நடக்கிறது என்று பார்ப்பது. ஆங்கில எழுத்துகளைச் சுருக்கி இதை 'ஃபீஸ்' என்பார்கள். "உங்க அப்பாவுக்கு ஃபீஸ் பண்ணணும்" என்று சொன்னால் நம்ம ஊரில் பாதிப் பேர் நேராக பில் கவுண்டருக்குப் போய்விடுவார்கள். இது நிஜமாக நடக்கிறது.

அதுவரை இருந்த வழி எக்ஸ்ரே வீடியோ. பேரியம் கலந்த உணவைக் கொடுத்து, விழுங்குவதைப் பக்கவாட்டில் படம் பிடிப்பார்கள். நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தின் ஜெரி லோகமான் அதை ஒரு ஒழுங்கான பரிசோதனையாக்கி, 1983இல் புத்தகமும் எழுதியிருந்தார். நல்ல முறைதான். ஆனால் எக்ஸ்ரே அறைக்கு நோயாளி போகவேண்டும், உட்காரவேண்டும், கதிர்வீச்சு வாங்கவேண்டும். ஐ.சி.யூ. கட்டிலில் கிடப்பவரை எங்கே கொண்டுபோவது? எண்டோஸ்கோப் கட்டிலுக்கே வந்துவிடும்.

இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது, இந்தக் கதைக்கே அதுதான் அச்சு. விழுங்கும் அந்தக் கணத்தில் தொண்டைச் சுவர்கள் சுருங்கிக் கேமராவின் மேல் மூடிக்கொள்ளும். வெளிச்சம் திரும்பி அடித்து, அரை நொடி போலத் திரை முழுக்க வெள்ளை. ஆக, விழுங்குவதைப் பார்க்க வந்த கருவிக்கு விழுங்கும் கணம் மட்டும் தெரியாது! முன்னால் தெரியும், பின்னால் தெரியும். கல்யாண வீட்டில் பந்தி முடிந்த பிறகு போய், இலையைப் பார்த்து யார் எதைச் சாப்பிட்டார்கள், எதை ஒதுக்கினார்கள் என்று சொல்வது போலத்தான் எங்கள் வேலை. இலையில் மிச்சம் என்ன இருக்கிறது என்பதுதான் எங்களுக்குச் சாட்சி.

அந்தச் சாட்சியை எப்படி எழுதினார்கள்? லேசானது, மிதமானது, கடுமையானது. மூன்று பெயரடைகள். ஒருவருடைய 'லேசு' இன்னொருவருக்கு 'மிதம்'. எழுதுபவரின் அனுபவம், அன்றைக்கு அதற்கு முன்னால் பார்த்த நோயாளி எவ்வளவு மோசம், எல்லாம் அதில் கலந்திருக்கும்.

என் அனுபவத்தில் ஒன்று சொல்கிறேன். பக்கவாதம் வந்த ஒரு பெரியவர், வேறு ஒரு ஊர் ஆஸ்பத்திரியிலிருந்து எங்களிடம் மாற்றப்பட்டு வந்தார். அங்கே எடுத்த அறிக்கையில் மிச்சம் 'லேசு'. மூன்று வாரம் கழித்து நாங்கள் பார்த்தபோது 'மிதம்' என்று எழுதினோம். மகன் இரண்டு தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக்கொண்டு கேட்டார்: "அப்போ அப்பாவுக்கு மோசமாயிடுச்சா மேடம்?" பழைய வீடியோ கிடைக்கவில்லை. வார்த்தை மட்டும்தான் கையில் இருந்தது. மோசமாகிவிட்டதா, இல்லை, அங்கே பார்த்தவர் கை தாராளமா என்று அந்த மனிதருக்கு யாராலும் சொல்ல முடியவில்லை. அவர் கேட்டது சாதாரணக் கேள்வி. மூக்குக் குழாயை எடுக்கலாமா என்பது அந்தப் பதிலில்தான் இருந்தது.

இதே துறையில் வேறொரு அளவுகோல் முன்னாலேயே வந்திருந்தது. 1996இல் விஸ்கான்சினில் ரோசன்பெக்கும் சகாக்களும் புரையேறுவதற்கு எட்டுப் படி வைத்தார்கள். ஒன்று என்றால் மூச்சு வழிக்குள் எதுவும் போகவில்லை. எட்டு என்றால் குரல் நாண்களுக்குக் கீழே போய்விட்டது, வெளியே தள்ள முயற்சிகூட இல்லை. இது உலகம் முழுக்கப் பிடித்துக்கொண்டது. காரணம் எளிது. போனதா இல்லையா, எதுவரை போனது, இருமினாரா: மூன்றுமே கண்ணால் பார்த்து ஆமா-இல்லை சொல்லக்கூடியவை. மிச்சம் அப்படி இல்லை. அது அளவு பற்றியது. தொண்டை வட்டமான பாத்திரமும் இல்லை, உள்ளே கோடு போட்ட டம்ளரும் இல்லை.

எக்ஸ்ரேக்காரர்கள் முதலில் ஒரு கோடு போட்டார்கள். 2002இல் வியன்னாவில் ஐசன்ஹூபர் குழு, பள்ளத்தின் உயரத்தில் 25 சதவீதத்துக்குக் கீழ் என்றால் லேசு, 25 முதல் 50 வரை மிதம், 50க்கு மேல் கடுமை என்று பிரித்தது. பிறகு, மிச்சம் வழிந்து புரையேறியது எத்தனை பேருக்கு என்று பார்த்தார்கள். லேசில் 25 சதவீதம், மிதத்தில் 29, கடுமையில் 89. இந்த மூன்று எண்ணையும் நான் அடிக்கடி நினைத்துப் பார்ப்பதுண்டு. லேசுக்கும் மிதத்துக்கும் நடுவில் பெரிய வித்தியாசம் இல்லை. மூன்றாவது படியில் தடால் என்று ஏறுகிறது. பெயரடைகள் சம தூரத்தில் நிற்கின்றன, ஆபத்து அப்படி நிற்கவில்லை.

எண்டோஸ்கோப்பில் இன்னொரு சிக்கல். 2006இல் இங்கிலாந்தில் ஆனெட் கெல்லியும் சகாக்களும் ஒரு காரியம் செய்தார்கள். ஒரே விழுங்கலை எக்ஸ்ரேயிலும் எண்டோஸ்கோப்பிலும் ஒரே நேரத்தில் பதிவு செய்து, சிகிச்சையாளர்களிடம் தனித்தனியாகக் கொடுத்து மிச்சத்தை மதிப்பிடச் சொன்னார்கள். அதே ஆள், அதே வாய் உணவு, அதே நொடி. எண்டோஸ்கோப்பில் பார்க்கும்போது மிச்சம் அதிகம் என்றே மதிப்பிட்டார்கள். காரணம் யோசித்தால் புரியும். கேமரா பள்ளத்துக்கு மேலேயே நிற்கிறது. கண்ணுக்குப் பக்கத்தில் வைத்தால் கடுகும் பெரிசுதான். எக்ஸ்ரேயில் லேசு என்று வந்தவர் அடுத்த முறை எண்டோஸ்கோப்பில் மிதம் என்று வந்தால், அது நோய் கூடியதால் இல்லாமலும் இருக்கலாம்.

2013இல் லாங்மோரும் அசாகோ கனேயோகாவும் பாஸ்டனிலிருந்து ஒரு அளவுகோல் கொடுத்தார்கள். அளவை மட்டும் பார்க்காமல், எங்கெங்கே தங்கியது, நோயாளிக்கே உணர்ந்து மறுபடி விழுங்கினாரா, விழுங்கியதும் போனதா என்று எல்லாம் சேர்த்துப் பதினொரு புள்ளி. எனக்குப் பிடித்த அளவுகோல் இதுதான், ஏனென்றால் அது ஆளைப் பார்க்கிறது. தங்கிய உணவு தங்கியதாகத் தெரிகிறதா என்பது பெரிய கேள்வி. ஆனால் ஒரு வார்டில் ஆறு பேரைப் பார்க்கவேண்டிய நாளில் அவ்வளவு விவரமாக எண்ண நேரம் இருக்காது. அது பரவலாகாமல் போனதற்கு இதுவே காரணம் என்று நினைக்கிறேன்.

பரவியது 2015இல் வந்த யேல் அளவுகோல். பால் நியூபாவர், ஆல்ஃப்ரெட் ரேட்மேக்கர், ஸ்டீவன் லீடர் மூவரும் செய்தது. அவர்கள் செய்த புத்திசாலித்தனம், சதவீதத்தோடு நிறுத்தாமல் உடம்பிலேயே அடையாளம் தேடியது. வல்லெக்குலாவில் ஒன்றும் இல்லையென்றால் பூஜ்யம். சளிச்சவ்வில் வெறும் பூச்சு மட்டும் என்றால் தடயம், 1 முதல் 5 சதவீதம். குரல்வளை மூடியை நாக்கோடு பிணைக்கும் நார் இன்னும் கண்ணுக்குத் தெரிந்தால் லேசு, 25 வரை. அந்த நார் மறைந்துவிட்டால் மிதம், 50 வரை. குரல்வளை மூடியின் விளிம்பு வரை நிரம்பினால் கடுமை. பேரிக்காய்ப் பள்ளத்துக்குத் தனியாக: பூச்சு, கால் பங்கு, அரைப் பங்கு, பக்கவாட்டு மடிப்பு வரை நிரம்பியது. ஆற்றில் வெள்ளம் எவ்வளவு என்று கேட்டால் "மண்டபத்தின் மூன்றாவது படி மூழ்கிடுச்சு" என்று சொல்வோமே, அதே வழி. மீட்டர் கணக்கு வேண்டாம், படி தெரிகிறதா இல்லையா?

எப்படிச் சோதித்தார்கள்? 261 பரிசோதனைகளைப் பார்த்து, இரண்டு நிபுணர்கள் மாதிரிப் படங்களைத் தேர்ந்தெடுத்தார்கள். மிச்சமே இல்லாத படம் ஒன்று. பிறகு வல்லெக்குலாவுக்குப் பன்னிரண்டு, பைரிஃபார்முக்குப் பன்னிரண்டு. அவற்றைக் கலைத்துப் போட்டு, இந்த வேலையில் 2 முதல் 27 வருஷம் அனுபவமுள்ள 20 பேரிடம் வரிசைப்படுத்தக் கொடுத்தார்கள். இரண்டு வாரம் கழித்து மறுபடி கலைத்து, அதே ஆட்களிடம். ஒற்றுமையை அளக்க 'கப்பா' என்ற எண்ணைப் பயன்படுத்தினார்கள். ஜேக்கப் கோயன் 1960இல் கொடுத்த கருத்து அது. இரண்டு பேர் நாணயம் சுண்டிப் பதில் சொன்னாலும் சில தடவை பதில் ஒன்றாக வரும், இல்லையா? அந்த அதிர்ஷ்ட ஒற்றுமையைக் கழித்துவிட்டு மீதியை எண்ணுவது கப்பா. முழு ஒற்றுமை என்றால் 1. யேலில் ஆளுக்கு ஆள் வல்லெக்குலாவில் 0.868, பைரிஃபார்மில் 0.751 வந்தது. தங்கள் பழைய பதிலோடு தாங்களே ஒத்துப்போனது 0.957ம் 0.854ம். இந்தத் துறையில் இது பெரிய எண்.

அடுத்த வருஷமே நியூபாவரும் லீடரும் இன்னொருவரும் அதுவரை வந்த மிச்ச அளவுகோல்கள் எல்லாவற்றையும் ஆராய்ந்து, யேலையே சிபாரிசு செய்தார்கள். சொந்தக் கடைத் தோசையைத் தானே புகழ்ந்தது மாதிரி என்று எனக்குத் தோன்றும். ஆனால் அன்றைக்கு அதைவிட நல்ல தோசை இல்லை என்பதும் உண்மைதான்.

குறைகள் இல்லாமல் இல்லை. அவர்கள் கொடுத்தது தேர்ந்தெடுத்த, தெளிவான, நிற்கும் படங்கள். நிஜத்தில் கேமரா ஆடும், எச்சில் மூடும், நோயாளி இருமுவார். எந்தக் கணத்தில் படத்தை நிறுத்துவது? முதல் விழுங்கலுக்குப் பிறகா, தானாக இரண்டாவது தடவை விழுங்கிய பிறகா? இரண்டுக்கும் நடுவில் கடுமை லேசாகிவிடும். அடுத்து, படிகளின் அகலம் பாருங்கள். 'தடயம்' நாலு சதவீத அகலம். 'கடுமை' ஐம்பது சதவீத அகலம். மூன்று மாதம் பயிற்சி செய்து 95இலிருந்து 55க்கு இறங்கிய நோயாளிக்கும் அறிக்கையில் அதே 'கடுமை'தான். அவர் பட்ட பாடு தாளில் தெரியாது.

இந்த இடத்தில் விழுங்கலுக்குச் சம்பந்தமே இல்லாத ஒருவர் வருகிறார். ஹார்வர்டில் இருந்த உளவியலாளர் ஸ்டீவன்ஸ். சத்தம், வெளிச்சம், கனம் இவற்றை மனிதர்கள் எப்படி மதிப்பிடுகிறார்கள் என்று வாழ்நாள் முழுக்கப் பார்த்தவர். உணர்வுகளை இரண்டு வகையாகப் பிரித்தார். 'எவ்வளவு' என்ற கேள்விக்குரியவை ஒன்று, 'எந்த மாதிரி' என்ற கேள்விக்குரியவை மற்றொன்று. முதல் வகையைச் சம இடைவெளிப் படிகளில் போட்டால் படிகள் கோணலாகும் என்று காட்டினார். கீழ்ப் பக்கம் சின்ன வித்தியாசம்கூடத் தெரியும், மேல் பக்கம் தெரியாது. காலி வீட்டில் ஒரு ஆள் வந்தால் தெரியும், கல்யாண மண்டபத்தில் ஒரு ஆள் கூடினால் தெரியுமா?

2018இல் ஜெசிகா பிசெக்னாவும் கனேயோகாவும் லாங்மோரும் அந்தப் பழைய கேள்வியைத் தொண்டைக்குக் கொண்டுவந்தார்கள். மிச்சத்தைப் படிகளிலும் மதிப்பிடச் சொன்னார்கள், ஒரு நீளக் கோட்டில் எங்கே வேண்டுமானாலும் புள்ளி வைக்கும் முறையிலும் மதிப்பிடச் சொன்னார்கள். இரண்டையும் வரைந்து பார்த்தால் நேர்கோடு வரவில்லை, வளைவு வந்தது. மிச்சம் 'எவ்வளவு' வகை. அதற்குக் கோடுதான் பொருத்தம், படி இல்லை என்றார்கள்.

அதைப் பின்பற்றி நியூயார்க்கில் கொலம்பியா பல்கலைக்கழகத்தின் டீச்சர்ஸ் கல்லூரியில் ஜேம்ஸ் கர்டிஸ், மிஷெல் ட்ரோச் குழு 'வேசஸ்' என்ற முறையை உருவாக்கி 2022இல் அச்சிட்டது. தொண்டையையும் குரல்வளையையும் ஆறு இடங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் 0 முதல் 100 வரை எத்தனை சதவீதம் என்று மதிப்பிடுவது. அதைவிட முக்கியம், எந்தக் கணத்தில் பார்ப்பது, எல்லை எங்கே தொடங்கி எங்கே முடிகிறது, எச்சிலை எண்ணலாமா என்றெல்லாம் விதி எழுதி வைத்தது. முன்னால் வந்த அளவுகோல்கள் 'எவ்வளவு' என்று கேட்டன. இது 'எதில் எவ்வளவு, எப்போது' என்றும் கேட்டது.

இப்போது எங்கள் அறிக்கைகளில் யேல் எண்ணையும் எழுதுகிறோம், நிறுத்திய படத்தையும் அச்சடித்து ஒட்டுகிறோம், எந்த உணவு, எத்தனை மில்லி, எத்தனையாவது விழுங்கலுக்குப் பிறகு என்றும் குறிக்கிறோம். தயிர்சாதம் ஒரு மாதிரி தங்கும், ரசம்சாதம் ஒரு மாதிரி. பத்து மில்லி தண்ணீரில் வந்த 'லேசை' இட்லியில் வந்த 'லேசோடு' ஒப்பிட முடியாது. வீட்டில் யாருக்காவது இந்தப் பரிசோதனை நடந்தால் அறிக்கையோடு வீடியோவையும் கேட்டு வாங்கி பென்டிரைவில் வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த ஆஸ்பத்திரியில் பார்ப்பவர் அதைத்தான் முதலில் கேட்பார்.

அடுத்த பகுதியில் பேரியத்தின் கதை: எக்ஸ்ரே மேஜையில் நோயாளிகளுக்கு பிஸ்கட் கொடுத்த ஜெரி லோகமானிலிருந்து தொடங்கலாம்.